வாயில் திறந்தால் வரலாறும் திறக்கட்டும்

தமிழன் வீடு கட்டியபோது தனக்கென உள்ளறைகளை அமைத்தான். பிறர்க்கெனத் திண்ணையை அமைத்தான். வழிப்போக்கன் களைப்பாறவும், முதியோர் கூடிப் பேசவும், சிறுவர் எழுத்துப் பயிலவும் அத்திண்ணை இடமளித்தது. புதுச்சேரித் தமிழ் வீதிகளில் இதற்கும் ஒருபடி மேலே சென்றனர். வீட்டின் முகப்புக் கூரையை வீதிவரை இறக்கித் தாழ்வாரம் அமைத்து, வீதியில் நடப்போர்க்கும் நிழல் தந்தனர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தை மறைத்து நின்றன. மேற்கே தமிழர் வீடுகள் வீதியை நோக்கி முகம் மலர்ந்து நின்றன. ஒரே நகரம், இருவேறு மரபுகள்.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு நேரில் காட்ட விழைந்து, எம் துறை மாணவர்கள் சிலருடன் ஒருநாள் அவ்வீதிகளில் நடந்தோம். காசி வீதி, முல்லா வீதி முதலிய பெயர்களைத் தாங்கி நிற்கும் தென்புற முஸ்லிம் பகுதியிலும் நடந்தோம். பழைய வீடொன்றின்முன் நின்றபோது அதன் கதவு பூட்டியிருந்தது. திண்ணையை இரும்புக் கம்பி அடைத்திருந்தது. சுற்றுலா வந்தோர் சிலர் கதவின்முன் நின்று படம் பிடித்துக்கொண்டு அகன்றனர். அப்பொழுது மாணவர் ஒருவர் எம்மிடம், "ஐயா, கதவை மட்டும் பார்த்துவிட்டுப் போவதுதான் வரலாற்றைப் பார்ப்பதா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு அன்று எம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியேயாகும்.

ஆங்கில நாட்டு மாளிகைகள்

பழைய மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் பொதுமக்கள் காணத் திறந்துவைப்பதில் பெயர் பெற்ற நாடு இங்கிலாந்து. ஆயின், அங்குள்ள பெருங்குடியினர் தாமாக மனமுவந்து கதவைத் திறந்துவிட்டனர் என்று நாம் கருதிவிடலாகாது. காலம் அவர்களைத் திறக்க வைத்தது. நிலவருவாய் குன்றியது, பணியாளர் குறைந்தனர், உரிமையாளர் இறந்தால் மரபுரிமையாளர் செலுத்தவேண்டிய இறப்பு வரி உயர்ந்துகொண்டே சென்றது. சாட்சுவர்த் மாளிகைக்குரிய கோமகன் 1950இல் மறைந்தபோது, அவ்வரி சொத்து மதிப்பில் நூற்றுக்கு எண்பது விழுக்காடாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. இவ்வழிவை எடுத்துக்காட்ட 1974இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்திற்று.

அழிவிலிருந்து தப்பிய மாளிகைகள் இரு வழிகளில் தப்பின. ஒன்று, கட்டணம் பெற்றுப் பார்வையாளரை வரவேற்றல். லாங்லீட் மாளிகை 1949இல் இவ்வழியில் தன் வாயிலைத் திறந்தது. மற்றொன்று, மாளிகையைத் தேசிய அறக்கட்டளைக்கு அளித்துவிடுதல். 1895இல் தோன்றிய அவ்வறக்கட்டளைக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய வழியைத் திறந்துவிட்டது. மாளிகையை அறக்கட்டளைக்கு எழுதிவைத்த குடும்பத்தார் அதிலேயே தொடர்ந்து குடியிருக்கலாம். அதற்கு ஈடாக, குறித்த நாள்களில் பொதுமக்கள் உள்ளே வந்து காண இசைய வேண்டும் என்பதே அம்முறை.

இவ்வேற்பாடு நம் சமுதாயப் பெரியோர்க்குப் புதுமையாகத் தோன்றாது. சொத்தின் உடைமையை விற்கவும் பிரிக்கவும் இயலாதவாறு அறத்திற்கென நிறுத்திவிட்டு, அதன் பயனைத் தம் வழியினர் நுகரவும் இறுதியில் அது ஏழை எளியோர்க்குச் சேரவும் வகைசெய்யும் குடும்ப வக்ஃபு முறையை நாம் நெடுங்காலமாக அறிவோம். இந்நாட்டில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஏற்பளித்தது. இரண்டும் ஒன்றே என்பது எம் கருத்தன்று, நோக்கங்கள் வேறு. எனினும், 'வீடு சிதறாமல் நிற்கவேண்டுமாயின் அதை ஒருவருடைய கைப்பொருள் என்னும் நிலையிலிருந்து உயர்த்திவிட வேண்டும்' என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவானது.

தோட்டத்தின் அடியில் புதைந்த கணக்கு

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கிளேர்மாண்ட் என்னும் தோட்டம் உளது. ஏரி, குகை, படிப்படியாக அமைந்த புல்தரை அரங்கு ஆகியவற்றைக் கொண்ட அழகிய தோட்டம் அது. 1949 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் அங்கு வந்து மகிழ்கின்றன. அதனையடுத்த மாளிகையில் இப்பொழுது பள்ளியொன்று நடைபெறுகிறது.

அவ்வளமனையை 1769இல் விலைக்கு வாங்கிப் பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதிய மாளிகையை எழுப்பியவர் யார்? இராபர்ட் கிளைவ். 1751இல் ஆர்க்காட்டைப் பிடித்து, சந்தாசாகிபின் வீழ்ச்சிக்கு வழிகோலியவர். பின்னர் வங்கத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். 1770இல் வங்கத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது கிளேர்மாண்டில் செங்கல்மேல் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. கிளைவ் 1774இல் மறைந்தார், மாளிகை நின்றது.

வேல்சு நாட்டிலுள்ள போயிசு கோட்டையும் அவ்வாறே. கிளைவின் மகன் எட்வர்ட், போயிசு பெருங்குடியில் மணம்புரிந்தவர். 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். அவர் ஆட்சிக் காலத்தில், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அச்சுல்தானுடைய கூடாரம் இன்று போயிசு கோட்டையில் காட்சிப்பொருளாக உள்ளது. சீரங்கப்பட்டினத்தின் கூடாரத்தைக் காண மைசூரார் வேல்சு நாட்டுக்குச் சென்று நுழைவுச்சீட்டுப் பெறவேண்டிய நிலை!

நெடுங்காலம் இத்தகைய மாளிகைகளில் ஓவியங்களும் பூச்செடிகளும் மட்டுமே விளக்கப்பட்டன. பொருள் எங்கிருந்து வந்தது என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் தேசிய அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் தொடர்புடையனவாகத் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களை அது வெளிப்படையாகச் சுட்டிற்று. 'மகிழ வருவோரிடம் இதையெல்லாம் ஏன் சொல்லவேண்டும்?' என்று அந்நாட்டிலேயே சினந்தவர் பலர். எனினும் அறிக்கை வெளிவந்தது. இவ்வொரு செயலுக்காகவேனும் அவ்வறக்கட்டளையைப் பாராட்ட நாம் கடமைப்பட்டுள்ளோம். விருந்தினரை வீட்டுக்குள் அழைத்தபின் ஓர் அறையை மட்டும் பூட்டி வைப்பது நல்ல விருந்தோம்பலன்று.

அரங்கப்பிள்ளையின் இல்லம்

இனி, நம் புதுச்சேரிக்கு வருவோம். கிளைவின் போர்களை மறுகரையிலிருந்து நோக்கி நாள்தோறும் எழுதி வைத்தவர் இந்நகரில் வாழ்ந்தார். 1709இல் பிறந்து 1761 சனவரியில் மறைந்த ஆனந்தரங்கப் பிள்ளையே அவர். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழத் தம் இறுதிவரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டின் ஒப்பற்ற ஆவணம். காலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1846இல் அதனை வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. புதுவை மண்ணின் மைந்தர் பிரபஞ்சன் அந்நாட்குறிப்பை ஊன்றிப் பயின்று 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார்; பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

அரங்கப்பிள்ளையின் இல்லம் அவர் பெயர் தாங்கிய வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி இன்றும் நிற்கிறது. 1738ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்பர். கீழ்த்தளத்தில் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளத்தில் வெண்சுதை பூசிய ஐரோப்பியப் பாணித் தூண்கள். பகலில் பிரெஞ்சுக்காரரோடு பேசி, இரவில் தமிழில் எழுதிய அம்மனிதரின் இருபக்க வாழ்வை அவ்வீடே எடுத்துரைக்கிறது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிக் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் தகர்த்தனர். தூப்ளேயின் மாளிகை போயிற்று. துபாசியின் வீடு நின்றது. அவ்வீடு தனியார் உடைமையாகவே இருந்து வந்துள்ளது. இசைவு பெற்றுக் காணவேண்டிய இடமேயன்றி, பள்ளி மாணவர் நினைத்தபோது நுழையும் பொது அருங்காட்சியகமன்று.

அவ்வாயில் முறையாகத் திறக்கப்படுமானால் உள்ளே எதைச் சொல்லவேண்டும்? தூண்களின் அழகை மட்டுமா? அன்று. 1740இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி மராட்டியரோடு பொருது மாண்டபின், அவர் குடும்பத்தாரும் சந்தாசாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்ததைச் சொல்லவேண்டும். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் மிரட்டியபோது ஆளுநர் துய்மா மறுத்ததைச் சொல்லவேண்டும். முசாபர் சங் 1749இல் அரங்கப்பிள்ளைக்கு மூவாயிரம் குதிரை மன்சப் சிறப்பளித்து, 'வசாரத் ராய விசய' என்னும் பட்டம் சூட்டியதையும் சொல்லவேண்டும். முஸ்லிம் அரசர் ஒருவர், வைணவ நெறியில் நின்ற தமிழ் வணிகருக்குப் பாரசீகப் பட்டம் சூட்ட, பிரெஞ்சு நகரம் அதைக் கொண்டாடிய காலமது. சமயங்களும் மொழிகளும் ஒன்றையொன்று தொட்டு வாழ்ந்த தென்னாட்டை மாணவர் அறிய இதனினும் நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

அதே வேளையில், மற்றப் பக்கங்களையும் மறைக்கலாகாது. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியினரால் இடிக்கப்பட்ட துயரமும் அந்நாட்குறிப்பில் இருக்கிறது. ஏழை மக்களைப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் இருக்கிறது. பதவிக்காக நிகழ்ந்த போட்டிகளும், சாதிப் பூசல்களும், எழுதியவருடைய தன்னலமுங்கூட இருக்கின்றன. ஆங்கிலேயரைப் பார்த்து 'உங்கள் கணக்கைத் திறவுங்கள்' என்று கேட்கும் நாம், நம் வீட்டுக் கணக்கைத் திறக்கத் தயங்கலாமா?

நிற்பனவும் வீழ்ந்தனவும்

திறக்கப்பட்ட இல்லங்களும் புதுவையில் இல்லாமலில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்ததன் நினைவாக, ஈசுவரன் தருமராசா கோயில் வீதி இல்லம் போற்றப்படுகிறது. பாரதிதாசனின் பெருமாள் கோயில் வீதி இல்லம் நினைவு அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. 1826இல் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்கா மக்களின் பூங்காவாக விளங்குகிறது. கால்வே சுப்பராய செட்டி வீதியாகிய வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்பும் தாழ்வாரமும் திண்ணையும் மீட்டமைக்கப்பட்டு, அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது. இன்டாக் அமைப்பினர், உரிமையாளரோடு கைகோத்து ஆற்றிய பணி அது.

ஆயினும் மகிழ்ச்சியோடு அமைந்துவிட இயலவில்லை. கடற்கரையில் நின்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு நகராட்சி மன்றமாகிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் இடிந்து வீழ்ந்தது. அரசின் உடைமையாயிற்று; பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர். தனியார் வீடு வீழ்ந்தால் யார் எழுப்புவர்? தந்தை கட்டிய வீடு மக்களுக்குப் பங்காகி, பேரர்க்குச் சிறுசிறு பங்காகிறது. ஒருவர் பிரான்சில், ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில். ஓடு மாற்றும் செலவை ஏற்பவர் எவருமிலர். இறுதியில் தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குச் செல்கின்றன. மனை அடுக்குமாடிக்குச் செல்கிறது. இன்னும் சில வீடுகள் உணவகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாறியுள்ளன. அம்மாற்றத்தை நாம் பழிக்கவில்லை. அது வீட்டைக் காக்கிறது. ஆனால் ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் செலுத்த இயன்றவர்க்கே முற்றம் திறக்கும் எனில், அவ்வீதியிலேயே பிறந்த ஏழை மாணவன் கதவின் வெளிப்புறத்தை மட்டுமே பார்த்து வளர்வான்.

தடைகளும் விடைகளும்

"வீடு என்பது குடும்பத்தின் அந்தரங்கம், அயலாரை எங்ஙனம் அனுமதிப்பது?" என்று உரிமையாளர் கேட்பர். நியாயமான வினாவே. வீட்டாரின் இசைவும் சலாமும் இன்றிப் பிறர் இல்லத்துள் நுழையலாகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. ஆகவே, வற்புறுத்தித் திறக்கச் சொல்வது எம் நோக்கமன்று. முழு வீட்டையும் திறக்க வேண்டுவதில்லை. திண்ணையும் முற்றமும் போதும். நாள்தோறும் திறக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் போதும். இதற்கு முன்மாதிரியை நாம் தொலைவில் தேடவேண்டா. புதுவையோடு நெடிய உறவுடைய பிரான்சு நாட்டில் 1984 முதல், ஆண்டுதோறும் செப்டம்பரில் மரபுரிமைக் கட்டடங்களைத் திறந்துவைக்கும் வழக்கம் நிலவுகிறது. ஏனைய நாள்களில் மக்கள் நுழைய இயலாத அரசு மாளிகைகளுங்கூட அந்நாளில் திறக்கின்றன. இங்கிலாந்தும் 1994 முதல் இத்தகைய திறந்த நாள்களைக் கட்டணமின்றி நடத்திவருகிறது. புதுவையில் அத்தகைய நாளொன்று வேரூன்றுமானால், பிரெஞ்சுப் பகுதி மட்டுமன்றித் தமிழ்ப் பகுதியும் முஸ்லிம் பகுதியும் அதில் சம இடம் பெறவேண்டும்.

"செலவுக்கு என்ன வழி?" என்பது அடுத்த வினா. வாயிலைத் திறக்க இசையும் உரிமையாளர்க்கு வீட்டு வரியில் சலுகையும், கூரை செப்பனிட உதவித் தொகையும் அரசு அளிக்கலாம். கொடுப்பதும் பெறுவதும் ஒப்பந்தமாக இருப்பதே நல்லது. பழமையைக் காக்கும் கடமையை உரிமையாளர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, 'இடிக்காதே' என்று ஆணையிடுவதால் வீடு நிற்காது; மழை ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை.

"யார் விளக்குவர்?" என்பது இறுதி வினா. இதற்கு விடை நம் கல்லூரிகளில் இருக்கிறது. அரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு, செய்யுள் நடையில் அமைந்ததன்று. பேச்சும் பாரசீகமும் பிரெஞ்சும் போர்ச்சுகீசியமும் கலந்த வாணிகத் தமிழ். அதனைப் படித்துப் பொருள் கூறத் தமிழ் மாணவரும் அரபு, பாரசீகம் அறிந்த மாணவரும் ஒருங்கே அமர்ந்தால் எத்துணைச் சொற்கள் விளங்கும்! தேர்வுக்கெனப் படித்த உரைநடை வரலாறு, ஒரு முற்றத்தில் நின்று பத்துப் பேருக்கு விளக்கும்போதுதான் நம் உடைமையாகும். பயண வழிகாட்டிகள் சொல்லும் கட்டுக்கதைகளுக்கு நாட்குறிப்பைப் படித்த மாணவரே தக்க மாற்று.

ஆயியின் பாடம்

ஆளுநர் மாளிகையின் எதிரே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் வெண்ணிறத்தில் ஒளிர்கிறது. அதன் பின்னே வழங்கும் கதையைப் புதுவைச் சிறுவரும் அறிவர். ஆயி என்னும் கணிகையின் மாளிகையைக் கோயிலெனக் கருதி வணங்கிய பெருமகன், உண்மையறிந்து வெகுண்டு அதனை இடிக்க ஆணையிட்டான். அவளோ தானே அதை இடிக்க இசைவு வேண்டி, அவ்விடத்தில் மக்கள் பருகக் குளம் வெட்டினாள் என்பது அக்கதை. முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அம்மண்டபம் எழுந்தது. கதையின் உண்மை எவ்வளவாயினும் ஆகுக. தன் வீட்டை ஊருக்குத் தந்தவள் பெயரை ஊர் மறக்கவில்லை என்பது உறுதி. ஆணையிட்டவனைச் சிறப்பிக்க இந்நகரில் மண்டபம் எழவில்லை, ஆயிக்கே எழுந்தது.

நாம் எவரையும் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை, திறக்கவே வேண்டுகிறோம். திறக்கும்போது தூணோடு உண்மையையும், பெருமையோடு பிழையையும் காட்டுமாறு வேண்டுகிறோம். மாணவச் செல்வங்களே! இப்பணியை அரசு தொடங்கட்டும் என்று காத்திராதீர்கள். வரும் விடுமுறையில் உங்கள் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இதைக் கட்டியவர் யார், மரம் எவ்வூரிலிருந்து வந்தது, பொருள் எவ்வாறு ஈட்டப்பட்டது, முற்றத்தில் அமர்ந்து உண்டவர் யார், வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள். முன்னர் எம்மிடம் வினவிய மாணவர்க்கு நாம் தரும் விடை இதுவே: கதவைப் பார்ப்பது வரலாறாகாது, தட்டுவதே வரலாற்றின் தொடக்கம். முறையோடு தட்டுவோம், திறப்பவர்க்கு நன்றி கூறுவோம், கண்டதைக் கண்டவாறே எழுதுவோம்.